கப்பலிலிருந்து இறங்கித் தனியாக ஊர் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொகுசுக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும் எட்டு, பத்து மணி நேரத்தில், கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவை வாங்காமல் சொந்தமாகச் சுற்றிவர நினைப்பவர்களுக்கான பக்கம் இது. எந்த ஊரில் எதைப் பார்க்கலாம் என்று சொல்ல வழிகாட்டிகள் ஏராளம். கப்பலை விட்டு இறங்குவது, துறைமுக வாசலைத் தாண்டுவது, நேரத்தோடு திரும்பி வந்து ஏறுவது ஆகிய மூன்றும்தான் இங்கே பேச்சு. இவற்றில் மூன்றாவதைத்தான் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் சேராமல் இறங்க அனுமதி உண்டா?

உண்டு. யாரிடமும் கேட்கக்கூட வேண்டியதில்லை. அறைச் சாவியாகவும் அடையாளமாகவும் பயன்படும் கப்பல் அட்டையை, இறங்குபாலத்தின் அருகே நிற்கும் காவலரிடம் நீட்டுங்கள். கருவியில் வைத்ததும் ஓர் ஒலி எழும். திரையில் உங்கள் புகைப்படம் தெரியும். முகத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு விடுவார். நீங்கள் கரையில் இருப்பதாகக் கணக்கில் ஏறிவிட்டது. திரும்பும்போதும் இதே நடைமுறைதான். கூடவே பைகளை ஊடுகதிர்க் கருவியில் சோதிப்பார்கள். புறப்படும் நேரத்தில் யார் வரவில்லை என்பது இந்தக் கணக்கை வைத்துத்தான் தெரிகிறது. எனவே இன்னொருவருடைய அட்டையை மாற்றி எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். தம்பதிகளிடையே இது அடிக்கடி நடக்கும் கூத்து.

சில இடங்களில் மட்டும் தனியாக இறங்க முடியாது. அண்டார்க்டிகா அப்படிப்பட்டது. 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல்கள் அங்கே யாரையும் தரையிறக்குவதில்லை. சிறிய கப்பல்களிலும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக் கூடாது. அவர்களும் வழிகாட்டிகளின் கண்பார்வையில்தான் நடக்க வேண்டும். வேறு சில நாடுகளில் விசா விதிகளே தடுக்கும். அதைக் கீழே பார்க்கலாம்.

அட்டவணையில் ‘வருகை காலை 8 மணி’ என்று இருக்கிறது. எட்டு மணிக்கே இறங்கிவிடலாமா?

முடியாது. எட்டு மணி என்பது கப்பல் துறைமுக மேடையை ஒட்டும் நேரம், அல்லது நங்கூரம் போடும் நேரம். அதன் பிறகு கயிறுகளைக் கட்ட வேண்டும், இறங்குபாலத்தை வைக்க வேண்டும், உள்ளூர் அதிகாரிகள் கப்பலின் ஆவணங்களைப் பார்த்து அனுமதி தர வேண்டும். சில சமயம் இது பத்து நிமிடத்தில் முடியும்; சில சமயம் ஒரு மணி நேரம் இழுக்கும். அனுமதி கிடைத்ததும் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அதற்கு முன்பே போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டு வழியை மறிப்பதால் யாருக்கும் நன்மையில்லை.

வெளியில் ஒரு சுற்றுலாவை முன்பதிவு செய்கிறீர்கள் என்றால், தொடக்க நேரத்தை வருகை நேரத்திலிருந்து குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். படகில் கரை சேர வேண்டிய இடமானால் ஒன்றரை மணி நேரம்.

மேடையில் கட்டும் கப்பல், நடுக்கடலில் நிற்கும் கப்பல் என்று சொல்கிறார்களே, என்ன வேறுபாடு?

துறைமுகத்தில் போதுமான ஆழமும் இடமும் இருந்தால் கப்பல் மேடையை ஒட்டி நிற்கும். நீங்கள் நடந்தே இறங்கலாம். ஆழம் போதாது, மேடை நீளம் போதாது, அல்லது அன்று ஐந்து கப்பல்கள் வந்து இரண்டுக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், கப்பல் தள்ளி நங்கூரமிடும். அங்கிருந்து டெண்டர் எனப்படும் சிறு படகுகள் பயணிகளைக் கரைக்கு ஏற்றிச் செல்லும். கப்பலின் உயிர்காப்புப் படகுகளையே பெரும்பாலும் இதற்கு இறக்குவார்கள். சில ஊர்களில் உள்ளூர்ப் படகுக்காரர்கள் வந்து ஏற்றிச் செல்வார்கள்.

கிரேக்கத்தின் சாண்டோரினி, பிரான்சின் வில்ஃபிரான்ஷ், கரீபியனில் கிராண்ட் கேமன், மெக்சிகோவின் காபோ சான் லூகாஸ், தாய்லாந்தில் புக்கெட் தீவின் பட்டோங் கடற்கரை ஆகியவை டெண்டர் இடங்களாகப் பெயர் பெற்றவை. பெலீஸ் சிட்டியில் பவளப்பாறைகளும் ஆழமற்ற கடலும் சேர்ந்து பெரிய கப்பல்களைக் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியே நிறுத்திவிடுகின்றன. படகுப் பயணமே நாளில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மான்டினீக்ரோவின் கோட்டோரில் அன்றைய நெரிசலைப் பொறுத்து இரண்டில் எதுவும் நடக்கலாம்.

உங்கள் பயண அட்டவணையில் துறைமுகப் பெயருக்கு அருகே நங்கூரச் சின்னமோ ‘டெண்டர்’ என்ற குறிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும், கப்பல் ஏறிய பின் தரப்படும் தினசரி நிகழ்ச்சித் தாளில் உறுதியாகத் தெரியும்.

டெண்டர் படகில் இறங்குவது எப்படி நடக்கிறது?

காலையில் அரங்கம் ஒன்றில் எண் சீட்டு கொடுப்பார்கள். சில கப்பல்களில் கைபேசிச் செயலியிலேயே எண் வரும். உங்களுடன் வருபவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் சீட்டு வாங்க வேண்டும் என்பது பல கப்பல்களின் விதி. ஒருவர் போய் ஆறு பேருக்கு வாங்க முடியாது. எண் அழைக்கப்பட்டதும் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போவீர்கள். கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவு திறந்திருக்கும். அதற்கு வெளியே மிதக்கும் மேடை. அதை ஒட்டிப் படகு.

இங்கேதான் கவனம் வேண்டும். படகு அலையோடு ஏறி இறங்கும், மேடையும் ஆடும், ஆனால் இரண்டும் ஒரே தாளத்தில் ஆடாது. இருபுறமும் நிற்கும் மாலுமிகளில் ஒருவர் உங்கள் முன்கையைப் பற்றுவார். நீங்களும் விரல்களை நீட்டாமல் அவருடைய முன்கையையே பற்றுங்கள். அந்தப் பிடி வழுக்காது. படகு மேடையின் மட்டத்துக்கு எழும் நொடிக்காக அவர் காத்திருப்பார். அவர் சொல்லும்போது காலை எடுத்து வையுங்கள், குதிக்காதீர்கள். இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும்: பை முதுகில், கைபேசி சட்டைப்பையில். அந்த நேரத்தில் படம் எடுக்க முயன்று கைபேசியைக் கடலுக்குத் தாரைவார்த்தவர்கள் உண்டு.

உள்ளே காற்றோட்டம் குறைவு. கடல் நோய் வருமென்றால் திறப்பின் அருகே உட்காருங்கள்.

சொந்தமாகப் போகிறவர்களுக்கு டெண்டரில் கடைசி இடம்தானா?

முதல் ஒரு மணி நேரத்துக்கு அப்படித்தான். கப்பலின் சுற்றுலாவில் பணம் கட்டியவர்களை முதலில் இறக்குவார்கள். பிறகு உயர்ந்த அறைகளில் தங்குபவர்கள், அந்த நிறுவனத்தில் பலமுறை பயணம் செய்தவர்கள், அதன் பிறகு மற்றவர்கள். அநியாயமாகத் தோன்றலாம், ஆனால் கரையில் முப்பது பஸ்கள் காத்திருக்கும்போது வேறு வழியில்லை.

இரண்டு வழிகள் உள்ளன. சீட்டு கொடுக்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்து சிறிய எண்ணைப் பிடிப்பது ஒன்று. காலை பத்து மணிவாக்கில் கூட்டம் வடிந்து ‘இனி எண் தேவையில்லை, யாரும் வரலாம்’ என்று அறிவிக்கும்வரை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு இறங்குவது மற்றொன்று. சிறிய ஊராக இருந்தால் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். இடையில் ஒன்பது மணிக்குப் போய் நிற்பவர்கள்தான் அதிக நேரம் காத்திருக்கிறார்கள்.

சாண்டோரினியில் இன்னொரு சங்கதி உண்டு. கப்பல் சுற்றுலாக்காரர்களைப் பொதுவாக பஸ்கள் நிற்கும் அத்தினியோஸ் துறைமுகத்தில் இறக்குவார்கள். தனியாகப் போகிறவர்கள் ஃபிரா நகருக்கு நேர் கீழே உள்ள பழைய துறைமுகத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து 200 மீட்டருக்கு மேல் செங்குத்தான பாறை. கேபிள் கார், ஏறத்தாழ 600 படிகள், அல்லது கழுதை சவாரி. காலையில் மேலே போக வரிசை, மாலையில் கீழே வர அதைவிட நீண்ட வரிசை. கப்பல் சுற்றுலாவில் போனவர்களும் மாலையில் இந்தக் கேபிள் காருக்குத்தான் வந்து சேர்கிறார்கள். கடைசி டெண்டருக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்பாக அந்த வரிசையில் நில்லுங்கள். முழங்கால் நன்றாக இருந்தால் படிகளில் இறங்கிவிடலாம். கழுதைச் சாணம் வழுக்கும்.

கடல் கொந்தளித்தால் என்ன ஆகும்?

கேப்டன் நிறுத்தத்தையே ரத்து செய்துவிடலாம். டெண்டர் இடங்களில் இது அபூர்வமில்லை. ஃபாக்லாந்து தீவுகளின் ஸ்டான்லி, ஆங்கிலக் கால்வாயில் உள்ள கெர்ன்சி, கிராண்ட் கேமன் ஆகிய இடங்களுக்குப் பயணச்சீட்டு எடுக்கும்போதே இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கரை கண்ணுக்குத் தெரியும், இறங்க முடியாது.

அப்போது கப்பல் வழியாக வாங்கிய சுற்றுலாவின் பணம் தானாகத் திரும்பும். அந்தத் துறைமுகத்துக்கான கட்டணத்தையும் பொதுவாகக் கணக்கில் வரவு வைப்பார்கள். வெளியில் வாங்கிய சுற்றுலாவுக்கு அந்த நடத்துநரின் விதிதான். எனவே முன்பதிவின்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா?’ கப்பல் பயணிகளையே நம்பித் தொழில் செய்பவர்கள் பெரும்பாலும் ஆம் என்பார்கள். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் ‘ரோம்’ என்று போட்டிருக்கிறார்கள். இறங்கினால் ரோம்தானே?

இல்லை. ரோமில் கடல் கிடையாது. கப்பல் நிற்பது சிவிதவெக்கியாவில். அங்கிருந்து ரோம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அட்டவணைகளில் இப்படிப் பெரிய நகரத்தின் பெயரைத் தாங்கிய சிறு துறைமுகங்கள் பல. ‘ஃபுளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ, சுமார் 90 கிலோமீட்டர். ‘பாங்காக்’ என்றால் லேம் சாபாங், 120 கிலோமீட்டருக்கு மேல். ‘ஹோ சி மின் நகரம்’ என்றால் பெரிய கப்பல்களுக்கு ஃபூ மை, 70 கிலோமீட்டருக்கு மேல். ‘கோலாலம்பூர்’ என்றால் கிள்ளான் துறைமுகம். ‘பாரிஸ்’ என்றால் லெ ஹாவ்ர், சுமார் 200 கிலோமீட்டர். ‘பெர்லின்’ என்றால் வார்னமுண்டே, அதற்கும் மேல், போகவே மூன்று மணி நேரம். வெனிஸ் இன்னொரு கதை. 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் ஜூடெக்கா கால்வாய் வழியாகப் போகத் தடை விதிக்கப்பட்டதால், ‘வெனிஸ்’ என்று விற்கப்படும் பயணம் ரவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ போய் நிற்கக்கூடும்.

எதிர்மாறான ஊர்களும் உண்டு. கோட்டோரில் மேடையில் கட்டினால் எதிரே கோட்டை வாசல். பினாங்கில் ஸ்வெட்டன்ஹம் மேடையிலிருந்து ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களுக்கு நடந்தே போகலாம். மால்டாவின் வல்லெட்டாவில் துறைமுகத்தை ஒட்டிய மின்தூக்கி உங்களை நேரே நகரத்தின் தோட்டத்தில் கொண்டுபோய் விடும். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து மெட்ரோ ரயில். லா ஸ்பெசியாவிலிருந்து சிங்குவே தெரே கிராமங்களுக்குச் சில நிமிட ரயில் பயணம். இப்படிப்பட்ட ஊர்களில் கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுவது வீண் என்பது என் எண்ணம்.

லெ ஹாவ்ரிலிருந்து பாரிஸுக்கும் வார்னமுண்டேயிலிருந்து பெர்லினுக்கும் சொந்தமாகப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முடியாது என்பதற்காக அல்ல. ஒரு ரயில் ரத்தானால் மிச்சமிருக்கும் நேரம் உங்களைக் காப்பாற்றாது என்பதற்காக. அந்தப் பெரிய நகரத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் கப்பலின் பஸ்ஸில் போங்கள். இல்லாவிட்டால் துறைமுக ஊரையே பாருங்கள். லெ ஹாவ்ரின் நகர மையம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். அதைப் பார்க்காமல் நாலரை மணி நேரம் ரயிலில் கழிப்பவர்களே அதிகம்.

ஒரே நகரத்திலும் இரண்டு மேடைகள் இருக்கலாம். சிட்னியில் சர்குலர் கீயில் நின்றால் எதிரே ஓபரா மாளிகை. வைட் பேயில் நின்றால் டாக்ஸியோ படகோ பிடிக்க வேண்டும். சிங்கப்பூரிலும் மரினா பே, ஹார்பர்ஃபிரண்ட் என இரண்டு முனையங்கள். ஸ்டாக்ஹோம் என்று சொல்லிவிட்டு 60 கிலோமீட்டர் தெற்கே நைநேஷாமில் நிறுத்தும் கப்பல்களும் உண்டு. ஊரின் பெயரோடு முனையத்தின் பெயரையும் கேளுங்கள்.

கப்பலிலிருந்து துறைமுக வாசல்வரை நடக்கலாமா?

சரக்குத் துறைமுகமாக இருந்தால் நடக்க விடமாட்டார்கள். கொள்கலன்களைத் தூக்கும் எந்திரங்களுக்கு நடுவே பயணிகளை அலைய விட முடியாது. வாசல்வரை ஷட்டில் பஸ் ஓடும். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் கட்டணம். அந்த பஸ் எங்கே இறக்கிவிடுகிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புவதால் வாசலில் வரிசை நிற்கும்.

கடவுச்சீட்டைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டுமா?

துறைமுகத்தைப் பொறுத்தது. பல இடங்களில் கப்பல் அட்டையும் புகைப்பட அடையாள அட்டை ஒன்றும் போதும். சில நாடுகளில் மூலக் கடவுச்சீட்டையே கேட்பார்கள். முந்தைய நாள் நிகழ்ச்சித் தாளில் அது சொல்லப்பட்டிருக்கும். கப்பல் ஏறியதும் கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. பயப்பட வேண்டாம், குடியேற்ற நடைமுறைக்காகச் செய்வது. கட்டாயமில்லாத ஊரில் மூலத்தை அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, நகலையும் கைபேசியில் ஒரு படத்தையும் எடுத்துச் செல்வது என் வழக்கம். கப்பலைத் தவறவிட்டவருக்கு அந்தப் பெட்டகம் எப்படி உதவுகிறது என்பதைக் கீழே காணலாம்.

ஒரு நாள் இறங்குவதற்கும் விசா வேண்டுமா?

உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையது என்பதைப் பொறுத்தது. கப்பல் பயணிகளுக்கு ஒரு நாள் சலுகை தரும் நாடுகள் இருக்கின்றன. தராத நாடுகளும் இருக்கின்றன. அனுமதி பெற்ற நடத்துநரின் சுற்றுலாவில் சேர்ந்தால் மட்டும் விசா இல்லாமல் இறங்கலாம் என்ற விதியும் சில இடங்களில் உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அதற்குப் பழைய உதாரணம்; 72 மணி நேரம்வரை அப்படி இறங்க முடிந்தது, ஆனால் தனியாகச் சுற்ற விசா வேண்டும்.

பலர் கவனிக்கத் தவறுவது இது: ‘நான் அந்த ஊரில் இறங்கப்போவதில்லை, விசா எதற்கு’ என்ற வாதம் ஏறும் துறைமுகத்தில் எடுபடாது. வழியில் உள்ள எல்லா நாடுகளுக்கும் விசா இருந்தால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றும். மத்தியதரைக் கடல் பயணத்தில் இத்தாலி, பிறகு துருக்கி, பிறகு கிரேக்கம் என்று போனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனின் எல்லையை விட்டு வெளியே போய் மீண்டும் நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா அங்கே உதவாது. பலமுறை நுழைவு விசா வேண்டும்.

கப்பலின் நேரமும் ஊரின் நேரமும் வேறாக இருக்குமா?

இருக்கலாம். கப்பலின் கடிகாரத்தை மாற்றுவது கேப்டனின் முடிவு; ஒவ்வொரு ஊருக்கும் மாற்ற மாட்டார்கள். கோசுமெல் தீவு நல்ல உதாரணம். அது இருக்கும் மெக்சிகோவின் கின்டானா ரோ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. மயாமியிலிருந்து வரும் கப்பல் கோடையில் மயாமி நேரத்திலேயே இருந்தால், ஊர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஊர்க் கடிகாரத்தில் நான்கு மணி என்றால் கப்பலில் ஐந்து. குளிர்காலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். போன தடவை சரியாக இருந்ததே என்று நம்பி வருபவர்கள் சிக்குவது இங்கேதான்.

கைபேசி கரையை நெருங்கியதும் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்து அதை மட்டும் நம்புங்கள். இறங்கும் இடத்தில் வைத்திருக்கும் பலகையில் ‘அனைவரும் ஏறவேண்டிய நேரம்’ எழுதப்பட்டிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்குத் திரும்பினால் போதும்?

கப்பல் புறப்படும் நேரத்தை மறந்துவிடுங்கள். ஏறவேண்டிய கடைசி நேரம் அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக இருக்கும். டெண்டர் இடங்களில் கடைசிப் படகின் நேரம்தான் கணக்கு.

அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். சிவிதவெக்கியாவில் கப்பல் மாலை 6 மணிக்குப் புறப்படுகிறது, 5.30-க்குள் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் மணி நேரம் கையிருப்பு: 4.45-க்கு இறங்குபாலத்தில் இருக்க வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து துறைமுக பஸ், அதிலிருந்து கப்பல், 40 நிமிடம்: 4.05-க்கு ரயில் வந்து சேர வேண்டும். சாதாரண ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம்: 2.50-க்கு ரோமில் ரயில் ஏற வேண்டும். ரயில் நிலையத்துக்கு அரை மணி நேரம் முன்பாக வரவேண்டும் என்றால் 2 மணிக்கே கொலோசியத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். காலையில் 7 மணிக்குக் கப்பல் வந்தாலும் ரோமில் கால் வைக்கப் பத்தாகும். கையில் நிற்பது நான்கு மணி நேரம். வத்திக்கான் அருங்காட்சியகமும் கொலோசியமும் ஒரே நாளில் என்ற திட்டம் இந்த இடத்திலேயே காலாவதி.

இன்னொரு சோதனையும் போடுவேன்: நான் குறித்த ரயில் வராவிட்டால், அதற்கு அடுத்த ரயிலில் வந்தாலும் கப்பலைப் பிடிக்க முடியுமா? முடியாது என்றால் முந்தைய ரயிலுக்கு மாற வேண்டும். இத்தாலியிலும் பிரான்சிலும் ரயில் வேலைநிறுத்தங்களை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் ஒருமுறை பாருங்கள்.

தூரம் போகும் வேலையை நாளின் முதல் பாதியில் முடித்துவிட்டு, கப்பலுக்கு அருகே உள்ளவற்றைப் பிற்பகலுக்கு ஒதுக்குவதும் நல்ல ஏற்பாடு. தாமதம் வந்தால் அருகில் உள்ளதைத்தானே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

தாமதமானால் கப்பல் காத்திருக்காதா?

கப்பலின் சொந்தச் சுற்றுலா பஸ் தாமதமானால் காத்திருக்கும். அல்லது அந்தப் பயணிகளைத் தன் செலவில் அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பிவைக்கும். அந்தச் சுற்றுலாவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் உண்மையில் இந்த உத்தரவாதத்துக்குத்தான். தனியாகப் போனவர்களுக்காகச் சில நிமிடங்கள் பொறுக்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. மேடை வாடகை, துறைமுகத்திலிருந்து கப்பலை வழிநடத்தும் மாலுமிக்குக் குறித்த நேரம், ஓதம் (கடலின் ஏற்றவற்றம்), அடுத்த துறைமுகத்தில் பதிவு செய்த இடம் எல்லாம் நெருக்கும்.

2024 மார்ச்சில், ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள சாவோ தோமே தீவில் தனியார் சுற்றுலா ஒன்றுக்குப் போன எட்டுப் பயணிகள் தாமதமாகத் திரும்பினார்கள். கப்பல் இன்னும் கண்ணெதிரே நங்கூரத்தில் நின்றது. கடலோரக் காவல் படகில் அவர்களைக் கப்பல்வரை கொண்டுபோயும் ஏற்றிக்கொள்ளப்படவில்லை. அவர்களின் கடவுச்சீட்டுகளைத் துறைமுக முகவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் போய்விட்டது. பல நாடுகள் வழியாகப் பறந்து காம்பியாவில் பிடிக்கப் போனார்கள். ஓதம் சரியில்லாததால் கப்பல் அங்கே நிற்கவே இல்லை. கடைசியில் செனகல் நாட்டில்தான் ஏற முடிந்தது. நடந்தது உலகெங்கும் செய்தியானது.

தவறவிட்டேவிட்டால் உடனே என்ன செய்வது?

துறைமுக முகவரை அழையுங்கள். அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் வேலைகளைக் கவனிப்பவர் அவர். பெயரும் தொலைபேசி எண்ணும் அன்றைய நிகழ்ச்சித் தாளில் இருக்கும். காலையில் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டால் போதும். ஒருவர் வரவில்லை என்று தெரிந்ததும் கப்பல் ஊழியர்கள் அவருடைய அறைப் பெட்டகத்தைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்து முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம்.

தங்கும் செலவும் விமானச் செலவும் உங்களுடையவை. பயணக் காப்பீடு இதை ஏற்குமா என்பது காரணத்தைப் பொறுத்தது. வெறும் கவனக்குறைவை ஏற்காது. அடுத்த நாட்டில் விமானத்தில் நுழைய விசா தேவைப்படலாம். கப்பல் பயணி என்ற சலுகை அப்போது இருக்காது. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி, வழியில் வேறொரு அமெரிக்கத் துறைமுகத்தில் தங்கிவிட்டால், 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே வரும். வெளிநாட்டுக் கொடியுடைய கப்பல் இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே பயணியை ஏற்றி இறக்கியதாகக் கணக்காகி அபராதம் விழும். நிறுவனங்கள் அதைப் பயணியிடமே வசூலிக்கும்.

அன்றாட மருந்துகளை ஒரு நாளுக்கு மேலாகவே பையில் வைத்துக்கொண்டு இறங்கச் சொல்வது இதற்காகத்தான். கடன் அட்டையும் அப்படியே.

உள்ளூர் நடத்துநரிடம் முன்பதிவு செய்வது நல்லதா, இறங்கிய பின் டாக்ஸி பிடிப்பதா?

தூரமான இடம், கூட்டம் அதிகமான நாள் என்றால் முன்பதிவு. அன்று எத்தனை கப்பல்கள் வருகின்றன என்பதைத் துறைமுகத்தின் இணைய அட்டவணையில் பார்க்கலாம். நான்கைந்து கப்பல்கள் என்றால் மேடையில் டாக்ஸி கிடைப்பதே பெரும்பாடு. உங்கள் கப்பலின் பெயரையும் ஏறவேண்டிய நேரத்தையும் நடத்துநரிடம் சொல்லுங்கள். ‘எந்தக் கப்பல்’ என்று அவராகவே கேட்டால் தொழில் தெரிந்தவர்.

டாக்ஸி என்றால் ஏறுவதற்கு முன் கட்டணம் பேசுங்கள்: போக மட்டுமா, போய்வரவா, ஒருவருக்கா, வண்டிக்கா, எந்த நாட்டுப் பணம். முழுப் பணத்தையும் திரும்பிக் கப்பலருகே வந்த பின் கொடுங்கள். முதல் வரிசையில் நிற்பவர்களைத் தாண்டி வாசலுக்கு வெளியே வந்தால் விலை குறைவதைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

நடக்கச் சிரமப்படுபவர்கள் இறங்க முடியுமா?

மேடையில் கட்டும் ஊர்களில் பெரும்பாலும் முடியும். ஆனால் இறங்குபாலத்தின் சரிவு ஓதத்தோடு மாறும். காலையில் தட்டையாக இருந்த பாலம் பிற்பகலில் செங்குத்தாக நிற்கலாம். சில ஊர்களில் வேறொரு தளத்துக்கே மாற்றிவிடுவார்கள். கனடாவின் செயின்ட் ஜான் இருக்கும் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றவற்றம் உலகிலேயே மிகப் பெரியது. அங்கே நேரம் கேட்டு இறங்குவது நல்லது.

டெண்டர் வேறு. சில புதிய கப்பல்களில் சக்கர நாற்காலியை நேரே படகில் உருட்டிச் செல்ல வசதி உண்டு. மற்றவற்றில் நீங்களாகவே சில படிகள் ஏறி இறங்கி அந்த ஆடும் இடைவெளியைத் தாண்ட முடிய வேண்டும். கனமான மின்சார நாற்காலியை ஏற்ற மாட்டார்கள்; அலை அதிகமானால் யாரையும் தூக்கியும் விடமாட்டார்கள். பயணம் தேர்ந்தெடுக்கும்போதே எத்தனை டெண்டர் நிறுத்தங்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஏறிய பின் கேட்டால் காலம் கடந்துவிடும்.

மதியம் கப்பலுக்குத் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி இறங்கலாமா?

தாராளமாக. எத்தனை தடவை வேண்டுமானாலும்.

கப்பலிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?

மூடிய உறையில் உள்ள பிஸ்கட் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் பிரச்சினையில்லை. பழம், காய்கறி, இறைச்சி, பால் பொருள் எதையும் எடுக்காதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி ஆகிய நாடுகளில் பையில் மறந்து வைத்த ஓர் ஆப்பிளுக்கே அபராதம் விதிப்பார்கள். மேடையில் மோப்ப நாய்களும் நிற்கும். காலையில் உணவுக்கூடத்தில் எடுத்த பழத்தை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.

கைபேசி விஷயத்தில் என்ன கவனம் வேண்டும்?

கடலில் இருக்கும்வரை விமானப் பயன்முறையில் (‘ஏரோப்ளேன் மோட்’) வையுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் கைபேசி தானாக இணைந்துவிட்டால், கட்டணம் சாதாரண ரோமிங்கைவிடப் பல மடங்கு. கரைக்கு நடந்து வந்த பின் இயக்குங்கள். ஊரின் வரைபடத்தை முந்தைய இரவே இறக்கி வைத்து, கப்பல் நிற்கும் மேடையைக் குறியிட்டுக்கொள்ளுங்கள். டாக்ஸி ஓட்டுநரிடம் ‘கப்பலுக்குப் போ’ என்றால் எந்த மேடை என்று அவருக்குத் தெரியாது. பார்சிலோனா போன்ற பெரிய துறைமுகத்தில் ஒரு முனையத்துக்கும் இன்னொன்றுக்கும் சில கிலோமீட்டர் இருக்கும். இறங்கியதும் திரும்பி நின்று, முனையத்தின் பெயர்ப் பலகையை ஒரு படம் எடுத்துக்கொண்டால் அதைக் காட்டியே வந்துவிடலாம்.